செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: பம்பை மாற்றியும் தீராத கோளாறு

என் காருக்குத் தேவையே இல்லாத ஒரு புது பெட்ரோல் பம்புக்கு (டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புவது) பணம் கட்டிவிட்டு இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. கோளாறு பிடிபட்டுவிட்டதில் நிம்மதியும் இருக்கிறது.

அம்மாவின் கண் பரிசோதனைக்காகத் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. நல்ல உச்சி வெயில்.

இன்சூரன்ஸோடு வரும் சாலையோர உதவி எண்ணை அழைத்தேன். "செல்ஃப் பலமாத்தான் அடிக்குதுங்க, ஸ்டார்ட்தான் ஆகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பதிந்துகொண்டது 'பேட்டரி டவுன்'. வெகுநேரம் கழித்து ஒரு தம்பி பைக்கில் ஜம்பர் கேபிளை மட்டும் கொண்டுவந்தார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் சொன்னது அவ்வளவுதான். பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், இல்லையென்றால் டக் டக்கென்று சத்தம் மட்டும் வரும். நம் வண்டியில் செல்ஃப் வேகமாகச் சுற்றினால், போனில் முதல் வார்த்தையாகவே "டோ வண்டி அனுப்புங்க" (காரை ஏற்றியோ இழுத்தோ கொண்டுபோகும் வண்டி) என்று சொல்லிவிடுங்கள். வண்டி தேசிய நெடுஞ்சாலையின் நடுவிலேயே நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள்.

டோ வண்டி வந்து மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கியபோது, கார் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. சூடாக இருக்கும்போது நின்று, ஆறினதும் ஓடுகிறது என்றால் அது பெரிய தடயம். அங்கே யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. "பம்பு வீக் சார், மாத்திடலாம்" என்றார் மேலாளர். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று விநாடி பம்பு முனகும் சத்தம் துவரங்குறிச்சியிலேயே கேட்டது, அம்மாவும் கேட்டார் என்று சொன்னேன். சத்தம் வந்தாலும் அழுத்தம் குறைவாக இருக்கலாம், அது உண்மைதான். அதைத் தெரிந்துகொள்ளத்தானே பிரஷர் கேஜ் இருக்கிறது? அதை வைத்துப் பார்க்கவே இல்லை.

அதைவிட மோசம், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் போடுவதற்கு முன்னாலேயே பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டார்கள். பல வண்டிகளில் அப்படிச் செய்தால் கணினியில் பதிவான பிழைக் குறியீடு அழிந்துபோகும். அப்புறம் ஸ்கேன் செய்துவிட்டு "எந்த எர்ரரும் இல்ல சார்" என்றார்கள். எப்படி இருக்கும்?

பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். அம்மாவின் பரிசோதனை அன்றைக்குத் தவறிப்போனது.

திரும்பி வரும்போது மேலூர் பக்கம் பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். மறுபடியும் அதே கதை. பங்க் பையன்கள் ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார்கள். அந்த அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "செல்ஃப் அடிங்க சார், ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க" என்றார். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் அந்த முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. காலையில் ஆறின இன்ஜினை எடுக்கும்போது அது இருநூறு முந்நூறு வரை ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். "கிராங்க் சென்சார்தான்" என்றார். ஸ்கேனரைப் போட்டதும் பி0335 என்று, அதே சென்சாரின் கோளாறுக்கான குறியீடு வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இன்ஜின் சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் பெட்ரோல் தெளிக்காது. பழசாகும்போது சூட்டில் செத்து, ஆறினதும் உயிர் பிழைப்பது அதன் வழக்கமான நோய். ஈரத்துணியைச் சென்சார் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், வண்டி எடுத்துவிட்டது. அதன்பின் நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தோம். புதுச் சென்சாரின் விலை பம்பு விலையில் ஒரு சின்னப் பங்குதான். மாட்டியது அரை மணி நேரத்துக்குள்.

ஒன்று கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் எல்லாம் சரியாக இருந்தாலும் செல்ஃப் அடிக்கும்போது முள் அசையாது. அதனால் வண்டி நன்றாக இருக்கும்போதே முள் எப்படி ஆடுகிறது, பம்பு எவ்வளவு நேரம் முனகுகிறது, சாவி படம் போட்ட விளக்கு எப்போது அணைகிறது என்று பார்த்து வையுங்கள். அந்தச் சாவி விளக்கு விடாமல் மினுக்கினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள், மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பம்பு சத்தமே வரவில்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள், அப்புறம் ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்). ஹார்ன் ரிலேயும் அதே எண்ணாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியென்றால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊரில் இது ரொம்பச் சாதாரணம். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் சூடாகும், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

பழைய பம்பை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அந்த அண்ணன் அதைக் கேஜில் மாட்டிப் பார்த்ததில் அழுத்தம் சரியாகவே இருந்தது. அதை வீடியோ எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கூலியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள், பம்பு விலையைத் தர மாட்டார்களாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.