படிவத்தில் இருந்த மூன்றாவது கேள்வி

பள்ளியில் மனநல ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், என்னிடம் வரும் மாணவர்கள் நிரப்ப ஒரு படிவம் வைத்திருந்தேன். அதில் மூன்றாவது கேள்வி: "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போன் பார்ப்பாய்?" பதில் நான்கைத் தாண்டினால் சிவப்பு மையில் கோடு போடுவேன். பெற்றோரை வரவழைத்து, குறைக்கச் சொல்லி அனுப்புவேன். என் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆறு என்று எழுதியிருந்தான். வகுப்பில் யாரோடும் பேசாத பையன். நான் சொன்னதைக் கேட்டு அவன் அம்மா போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். இரண்டே வாரத்தில் அவன் இன்னும் ஒடுங்கிப் போனான். சாப்பாடும் குறைந்தது. பல நாள் பேச்சுக் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவனுக்குப் பேச்சு திக்கும். அதே சிரமம் உள்ள பிள்ளைகள் சேர்ந்த குழு ஒன்றில்தான் அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதியும் போயிருக்கிறது. "அங்க யாரும் என் வாயைப் பார்க்க மாட்டாங்க மிஸ்" என்றான். அவனுக்கு இருந்த ஒரே நட்பு வட்டத்தை நான் சொல்லித்தான் பூட்டினார்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்று சொல்லி, போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் மனசு உறுத்துகிறது.

அப்புறம்தான் நிறையப் படிக்க ஆரம்பித்தேன். ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில், டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புடையது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்பது அவர்கள் கண்டது. முதலில் நிம்மதியாக இருந்தது. ஆனால் என் அறைக்கு வருவது சராசரிப் பிள்ளை இல்லையே. ஒரே ஆறு மணி நேரம் ஒருவனைத் தாங்கிப் பிடிக்கிறது, இன்னொருத்தியை அரித்துத் தின்கிறது.

அந்த இன்னொருத்தி பத்தாம் வகுப்பு. கடைசிப் பீரியடில் தினமும் தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். திமிர் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நான் மணிக்கணக்கைக் கேட்கவில்லை. நேற்று ராத்திரி போனை எத்தனை மணிக்கு வைத்தாய், எங்கே வைத்தாய் என்று கேட்டேன். "ரெண்டு மணி இருக்கும். தலையணைக்கு அடியில."

தூக்கத்தைப் பற்றிப் பெற்றோரிடம் எத்தனை முறை பேசினாலும் எனக்குப் போதவில்லை. பூப்பெய்தும் வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். பள்ளி மணியோ அதே காலை நேரத்தில் அடிக்கிறது. ஏற்கெனவே குறுகிப்போன இரவுக்குள், தள்ளத் தள்ள முடிவே வராத ஒரு திரையைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

அந்த இரண்டு மணி வரை என்ன செய்வாள்? படம் போடுவாள். பத்து நிமிடத்தில் எதிர்பார்த்த அளவு லைக் வராவிட்டால் அழித்துவிட்டு வேறு படம் போடுவாள். தன் படத்துக்கு நிறைய லைக் விழுவதைப் பார்க்கும்போது பதின்வயதினரின் மூளையில் பரிசு கிடைத்தால் தூண்டப்படும் பகுதி கூடுதலாகச் செயல்படுவதை 2016இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஸ்கேன் ஆய்வு காட்டியது. 'போதும்' என்று நிறுத்தச் சொல்லும் முன்மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இதைப் படித்த பிறகு எந்தப் பிள்ளையையும் "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆஸ்திரேலியா 2024இல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டம் இயற்றியபோது, அபராதத்தைப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ போடாமல் நிறுவனங்களுக்கு வைத்தது சரி என்றே பட்டது. ஆனாலும் அந்தத் திக்கும் பையன் நினைவுக்கு வந்தான். முழு மனதாக வரவேற்க முடியவில்லை.

மாணவியின் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இரவில் வீட்டில் எல்லாருடைய போனும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். "அலாரம் வேணுமே" என்றாள் அவள். கடிகாரம் வாங்கலாம் என்றேன். "எனக்கு ஆபீஸ் அழைப்பு வருமே" என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். சற்று நேரம் கழித்து, சரி என்றார்.

மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்தார். தலைவலி குறைந்திருக்கிறதாம், கூப்பிடாமலே எழுந்திருக்கிறாளாம். ஆனால் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் நேரே ஹாலுக்குப் போய் எத்தனை லைக் வந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறாளாம். அடுத்த வாரம் அவளை மட்டும் அனுப்புங்கள், அதைப் பற்றிப் பேசுகிறோம் என்றேன்.