ஆடிப் பதினெட்டு என்று சொல்லிவிட்டேன்

“தண்ணீர் எப்போது வரும் தம்பி?”

“ஆடிப் பதினெட்டுக்குள் வந்துவிடும் ஐயா.”

இவ்வளவுதான் பேச்சு. அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, தொடையில் வைத்து எழுதிக்கொண்டார். பேனா முதலில் எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினார். அந்த உதறலின்போதே நான் குறுக்கிட்டிருக்கலாம்.

2012, ஆனி மாதம். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 கடந்துவிட்டது, மேட்டூர் அணை திறக்கவில்லை, குறுவைச் சாகுபடி போய்விட்டது. நாகப்பட்டினம் பக்கமிருந்து விவசாயிகள் ஒரு பஸ்ஸில் வந்திருந்தார்கள். அணையடி மின்நிலையத்தைச் சுற்றிக்காட்டும் வேலை அன்று என்னுடையது. குடிநீருக்கு விடும் தண்ணீரில் ஒரே ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் அந்தத் தளத்தில் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். பார்வையாளர் கேட்பதில் பாதி விழாது, தலையாட்டிச் சமாளிக்கலாம். அன்று அந்த விவசாயிகளில் ஒரு பெரியவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

எனக்கென்று ஒரு பாடம் மனப்பாடம். கரண்ட் எடுத்த பிறகு தண்ணீரில் சத்து இருக்குமா என்று யாராவது கேட்பார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே போகிறது, ஒரு சொட்டும் குறையாது என்பேன். சுரங்க மின்நிலையத்தில் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 200 மெகாவாட். கீழே சேக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கதவணைகளில் அதே தண்ணீர் மறுபடி மறுபடி வேலை செய்கிறது என்பேன். கடைசியாக, பாசனத்துக்குத் திறந்தால்தான் எங்களுக்கு மின்சாரம், திறப்பதும் மூடுவதும் எங்கள் கையில் இல்லை என்று முடிப்பேன். அன்றும் அப்படித்தான் முடித்தேன். பத்து நிமிடம் கூட ஆகவில்லை, என் கையில் இல்லாத ஒன்றுக்கு நானே நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன்.

ஏன் சொன்னேன்? அவர் முகம் அப்படி இருந்தது என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, தலையில் ஹெல்மெட்டும் கையில் டார்ச்சுமாக நிற்பவனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. “பொன்மணி விடலாமா, குறைந்த வயது நெல்லுக்கு மாறிவிடவா என்று பார்க்கிறேன்” என்றார். பொன்மணிக்கு நூற்றைம்பது நாளுக்கு மேல் வேண்டும். ஆடியில் தண்ணீர் வந்தால் நாற்று விட்டு நட்டு, தை மாதம் கரையேறலாம். அணையை மூடுவது ஜனவரி 28 என்பது வழக்கம். பிந்தினால் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டுவிடும். அவர்கள் பக்கம் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டும் இடம்; நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. மின்சாரப் படிப்பு படித்தவனுக்கு நெல்லின் வயது எதற்கு? இப்படிக் கேட்டுத் தப்பிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். நான் காது கொடுக்கவில்லை.

அந்த ஆண்டு அணை திறந்தது செப்டம்பர் 17-ஆம் தேதி. ஆவணியும் முடிந்துவிட்டது. எல்லா இயந்திரங்களும் ஓடத் தொடங்கி, தரை அதிர்ந்தபோது சக ஊழியர் மிட்டாய் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டே நாள் எண்ணினேன். அன்றே விதைத்தாலும் பொன்மணி பிப்ரவரி கடைசிக்குப் போகும்.

அவர் என்ன விதைத்தார் என்று தெரியாது. ஒரு விவசாயி, அதுவும் அத்தனை வருட அனுபவசாலி, சுற்றிக்காட்டுபவன் பேச்சை நம்பியா விதை வாங்குவார்? வேளாண் அலுவலகம் இருக்கிறது, செய்தித்தாள் தினமும் நீர்மட்டம் போடுகிறது. இந்தக் கணக்கு எனக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். ஆனால் நம்பாதவர் ஏன் எழுதிக்கொண்டார்? பேனாவை உதறி உதறி?

ஒருவேளை அந்த டைரியில் எல்லோர் சொல்லையும் எழுதியிருக்கலாம். அதில் என் தேதிக்கு மேலே நான்கு பேர் சொன்ன நான்கு தேதி இருந்திருக்கலாம். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதிலும் ஒரு சுயநலம் இருக்கிறது.

அதற்குப் பிறகு பார்வையாளர்களிடம் தேதி சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு பஸ், இன்னொரு பெரியவர், அதே கேள்வி.

“எனக்குத் தெரியாது ஐயா” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் நின்ற இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“குடகுப் பக்கம் நல்ல மழையாம்” என்றேன்.