கழுத்து ஷேவிங்: இதுவரை எடுபட்டதும் எடுபடாததும்

கன்னம் எனக்கு ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. எந்த ரேசரை வைத்து இழுத்தாலும் வழவழவென்று வந்துவிடும். கழுத்துதான் வம்பு. தாடை எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கினால் சாயங்காலம் சட்டைக் காலர் உரசுகிற இடமெல்லாம் எரியும், மறுநாள் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகப் புடைத்துக்கொள்ளும், அதற்கு நடுவிலேயே கத்தி படாத மாதிரி ரெண்டு திட்டு முடியும் நிற்கும். டிரிம்மரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் சரி, இதையே ஒரு பொழுதுபோக்காக எடுத்துப் பார்ப்போம் என்று டபுள் எட்ஜ் ரேசர் (ரெண்டு ஓரமும் கூராக இருக்கிற ஒற்றை பிளேடு போடுவது), பிரஷ், சோப்பு என்று இறங்கியாயிற்று. கன்னத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கழுத்தை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ரேசர் மூன்று துண்டாகக் கழற்றுகிற சாதாரண ரகம், தாத்தா காலத்து வடிவம்தான். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அந்த மெல்லிய, மாற்றிப் போடுகிற பிளேடு யோசனையே இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜை, அதாவது பல பிளேடை அடுக்கித் தலையோடு மாற்றுகிற ரேசரை, விட்டதற்குக் காரணம் உண்டு. பல பிளேடு ரேசரில் முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கிறது, அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வருகிற பிளேடு வெட்டுகிறது. கன்னத்துக்கு இது அமர்க்களம். கழுத்து முடி சுருண்டு வளர்கிற ஆளுக்கு வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய், மறுபடி வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் பக்கவாட்டில் குத்திக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்புக்கு டாக்டர்கள் சூடோஃபாலிக்குலைட்டிஸ் பார்பே என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் இதைக் காட்டி ஷேவ் பண்ணாமலிருக்க மருத்துவ விலக்கு வாங்கியவர்கள் ஏராளம். ஆகவே இது என் கழுத்துக்கு மட்டும் வந்த சாபம் இல்லை.

முதலில் பண்ணியது ஷேவிங்கே இல்லை. ரெண்டு நாள் முடியை வளரவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று விரல் நுனியால் நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். எந்தப் பக்கம் தடவினால் வழுக்கிப் போகிறதோ அது வாட்டம், எங்கே சொரசொரவென்று தடுக்கிறதோ அது எதிர்வாட்டம். என் கழுத்தில் தாடைக்குக் கீழே கொஞ்ச தூரம் முடி ஒழுங்காகக் கீழ்நோக்கிப் போகிறது. குரல்வளை மேட்டைத் தாண்டியதும் அப்படியே திரும்பி மேல்நோக்கி வளர்கிறது. இடது பக்கம் காதை நோக்கிச் சாய்கிறது. குரல்வளைக்கு வலப்பக்கம் உள்ள பள்ளத்தில் ஒரு சுழியே இருக்கிறது, உச்சந்தலையில் இருக்கிற மாதிரி. மேலிருந்து கீழே இழுப்பதுதான் வாட்டம் என்பது கன்னத்துக்குச் சரி. கழுத்தின் கீழ்ப்பாதியில் எனக்கு அது நேர் எதிர்வாட்டம். ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்தேன். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் எரிச்சலில் பாதி இந்தக் காகிதத்தாலேயே போனது.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர், சோப்பு போட்டால் நுரைக்கு பதிலாகத் தயிர் திரிந்த மாதிரி ஏதோ வரும். இந்தக் கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காக நின்றுவிடுகின்றன, நுரை எழும்ப சோப்பு மிஞ்சுவதில்லை. பிரஷை எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. இப்போது ஒரு டம்ளர் கேன் தண்ணீரைச் சுடவைத்து அதில்தான் பிரஷை ஊறவைக்கிறேன், முகம் கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர். நுரை பளபளவென்று, பிரஷைத் தூக்கினால் சின்ன மூக்கு மாதிரி வளைந்து நிற்கிற பதத்தில் வர வேண்டும். பஞ்சு மாதிரி பொங்கி நின்றால் அதில் காற்றுதான் அதிகம், கத்தி வழுக்காது, இன்னும் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும்.

குளித்துவிட்டு வந்துதான் ஷேவ். முடி தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆக ரெண்டு மூன்று நிமிஷமாவது வேண்டும், கழுத்து முடிக்கு இன்னும் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் 2020-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடி பிளேடைவிட ஐம்பது மடங்கு மெத்தென்றது, ஆனாலும் அது வளைந்து ஒரு கோணத்தில் படும்போது பிளேடு விளிம்பில் சின்னச் சின்னத் தெறிப்பு விழுகிறதாம். நாலைந்து ஷேவ் தாண்டியதும் கழுத்தில்தான் முதலில் பிளேடு இழுக்க ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம், அங்கே முடி ஒரு திசையில் நிற்பதில்லையே. அதனால் புது பிளேடு போட்ட அன்றைக்குக் கழுத்தில் ஆரம்பித்துக் கன்னத்தில் முடிக்கிறேன். பழையதை ஒரு காலி பவுடர் டப்பாவில் போட்டு வைக்கிறேன், குப்பை எடுக்கிறவர் கையைக் கிழிக்கக் கூடாது. ஃபெதர் மாதிரி ஜப்பான் பிளேடு கூர்மைக்குப் பேர்போனது, கை பழகுகிறவரை கழுத்துக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. கடையில் சல்லிசாகக் கிடைக்கிற பிளேடே போதும்.

கத்தி பிடிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தது தெருமுனை சலூன் அண்ணன்தான். முடி வெட்டப் போனபோது, கழுத்தை மட்டும் எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "கழுத்துக்கு நான் ரிவர்ஸ் எடுக்கறதே இல்ல தம்பி. கேட்டு வாங்கிட்டுப் போவாங்க, மறுநாள் வந்து திட்டுவாங்க" என்றார். ரிவர்ஸ் என்றால் எதிர்வாட்டம். அப்புறம் பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பண்ணும்போது கவனித்தேன். இடது கட்டைவிரலைக் கத்திக்கு ஓர் அங்குலம் மேலே வைத்துத் தோலை லேசாக மேலே தள்ளுகிறார், இழுத்துப் பிடிப்பதில்லை. கத்தி அரை அங்குலம் போகிறது, நிற்கிறது, நுரையை உள்ளங்கை ஓரத்தில் துடைக்கிறார், மறுபடி அரை அங்குலம். நீளமாக ஓர் இழுப்புகூட இல்லை. தலையை அண்ணாந்து பார்க்கவும் விடவில்லை, கொஞ்சம் தூக்கினால் போதும் என்றார். தோல் முறுக்கேறி நின்றால் கத்தி நன்றாகத்தான் வெட்டும், ஆனால் விட்டவுடன் நுனி உள்ளே போய்விடும் என்பது வீட்டில் யோசித்தபோதுதான் புரிந்தது.

அதையே ரேசரில் செய்கிறேன். முதலில் ரேசரின் தலையை மட்டும் தோலில் தொடவைத்து, கைப்பிடியை மெல்ல இறக்கினால் ஓர் இடத்தில் கரகரவென்று வெட்டுகிற சத்தம் கேட்கும். அதுதான் கோணம், சுமார் 30 டிகிரி என்பார்கள். தாடைக்குக் கீழே மணிக்கட்டு தன்னால் திரும்பிக்கொள்வதால் ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தச் சத்தத்தைத் தேட வேண்டியிருக்கிறது, குழாயை மூடிவிட்டால் நன்றாகக் கேட்கும். அழுத்தமே கூடாது, ரேசரின் எடை போதும். குரல்வளை மேட்டில் ரெண்டு வழி உண்டு. எச்சிலை விழுங்குகிற மாதிரி பாதியில் நிறுத்தினால் மேடு மேலே ஏறிக்கொள்ளும், அந்தச் சில நொடியில் ஒரு இழுப்பு. இல்லையென்றால் மேட்டின் மேலே இருக்கிற தோலைப் பக்கத்துச் சமதளத்துக்கு விரலால் நகர்த்தி அங்கே வெட்டுவது. எனக்கு ரெண்டாவதுதான் சரிப்பட்டது, விழுங்கிக்கொண்டே கத்தி பிடிக்க நெஞ்சு துணியவில்லை.

வாட்டமாக ஒரு தடவை, மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு தடவை. அவ்வளவுதான், எதிர்வாட்டம் தாடையோரத்தில் மட்டும். குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரத்தை ஈரத்தோடு தடவுகிறேன். எங்கே சுரீர் என்று இழுக்கிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம், பொய் சொல்லாத வாத்தியார். ஒரு நிமிஷம் விட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் தோல் காய்ந்து இழுக்கும். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர்ஷேவைக் கழுத்துப் பக்கம் விடுவதில்லை.

பலன்? கீழிருந்து மேலாக விரலை ஓட்டினால் இன்னமும் லேசாகக் குத்துகிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. காலர் எரிச்சல் நின்றுபோய்விட்டது, புடைப்பு எப்போதாவது ஒன்றிரண்டு. விளம்பரத்தில் வருகிற கழுத்து மாதிரி வேண்டுமென்றால் மூன்றாவது தடவையும் போகத்தான் வேண்டும், போய்ப் பார்த்தேன், அன்றைக்கு மட்டும் பிரமாதமாக இருந்தது, அடுத்த ரெண்டு நாளைக்குச் சொறிந்துகொண்டிருந்தேன். எனக்கு இந்தப் பேரமே போதும்.

பாக்கி இருப்பது வலப்பக்கச் சுழி. எந்தத் திசையில் போனாலும் பாதி முடிக்கு அது எதிர்வாட்டம்தான். இப்போதைக்கு நடுவிலிருந்து வெளியே, பூ விரிகிற மாதிரி சின்னச் சின்ன இழுப்பாகப் போட்டுப் பார்க்கிறேன். பரவாயில்லை, ஆனால் கைப்பிடி தோளில் இடிக்கிறது. குட்டையான கைப்பிடி தனியாகக் கிடைக்குமாம், மரை ஒத்துப்போனால் இதே தலையில் மாட்டிப் பார்க்க வேண்டும்.