பார்கரோலின் கடைசிப் பக்கங்கள்

பியானோ சொல்லிக்கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்தப் புத்தகத்துல கிரெஷெண்டோ இங்க தொடங்குது, அதுல அடுத்த பார்ல தொடங்குது. எதை வாசிக்கணும்?" கிரெஷெண்டோ என்பது சத்தத்தைப் படிப்படியாக ஏற்றச் சொல்லும் குறி; பார் என்பது தாளக் கணக்கில் ஒரு கட்டம். இசையமைப்பாளர் ஷோப்பானின் பார்கரோலை (படகுப்பாட்டின் சாயலில் அமைந்த பியானோ இசை) எடுப்பவர்கள் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

அந்த இசை 1846-இல் பாரிஸ், லைப்ஸிக், லண்டன் என மூன்று ஊர்களில் வெளியானது. பதிப்புரிமை அப்போது நாட்டுக்கு நாடு தனி என்பதால் மூன்று பதிப்பாளர்களுக்கும் தனித்தனிப் பிரதி தேவைப்பட்டது. முன்பு படியெடுத்துக் கொடுத்த நண்பர் ஃபொந்தானா அதற்குள் பாரிஸை விட்டுப் போய்விட்டார். ஷோப்பானே உட்கார்ந்து எழுதினார். எழுத எழுத மாற்றிக்கொண்டே போவது அவர் சுபாவம். எனவே பதிப்புகளுக்குள் உள்ள வித்தியாசம் எல்லாமே அச்சுப்பிழை இல்லை. சில இடங்களில் இரண்டுமே அவர் நினைத்ததுதான். அதனால்தான் இரண்டையும் கலந்து வாசிக்க நான் விடுவதில்லை. ஒரு மூலத்தை எடுத்தால் கடைசிவரை அதோடு போக வேண்டும்.

அப்புறம் பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலேயின் சாட்சியம் இருக்கிறது. 1848 பிப்ரவரி 16, ஷோப்பான் பாரிஸில் கொடுத்த கடைசிக் கச்சேரி. பார்கரோலில் முழு பலமும் கேட்கிற இடத்திலிருந்து அவர் அப்படியே எதிர்மாறாக, பியானிஸ்ஸிமோவில், அதாவது மிக மெல்லிய சத்தத்தில், வாசித்தாராம். இதுவே மேலோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அது அழகாக இருந்ததாம். ஹாலேயின் நினைவுகள் அச்சானது 1896-இல். ஷோப்பானோ அன்று நோயால் தளர்ந்திருந்தார். இதை வைத்து அச்சில் உள்ள ஃபோர்ட்டிஸ்ஸிமோவை (மிகச் சத்தமாக என்ற குறியை) நீக்கிவிட முடியாது என்பதே என் முடிவு.

ஆனாலும் வகுப்பில் இதை விடாமல் பயன்படுத்துகிறேன். முதல் மெலடி திரும்பி வரும் இடத்தில் இடது கை ஆக்டேவ்களாக (ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து) தடித்துவிடும். அங்கிருந்து கடைசிவரை பியானிஸ்ஸிமோவில் வாசிக்கச் சொல்வேன். ஒரு மாணவி நாலு பார் வாசித்துவிட்டு நிறுத்தினாள். "இடது கைதான் சார் பாட்டை மூடுது" என்றாள். சத்தமாக வாசித்தபோது அது அவள் காதில் விழவே இல்லை. ஷோப்பானுக்குப் பிடித்த ப்ளெயேல் பியானோவின் கட்டைகள் லேசானவை, அதன் ஒலியும் மெலிது. இன்றைய கச்சேரிப் பியானோவில் அதே ஆக்டேவ்கள் இடிபோல விழுகின்றன. மெல்ல வாசித்தபோது கிடைத்த இரு கைகளின் சமநிலையை விடாமல், சத்தத்தைப் படிப்படியாக ஏற்றினோம். அவள் கச்சேரியில் வாசித்தது அச்சில் உள்ள ஃபோர்ட்டிஸ்ஸிமோதான், இடது கையை மட்டும் ஒரு படி கீழே வைத்து.

பெடல் (ஒலியை நீட்டிக்கும் மிதி) குறிகளில் பதிப்புகளுக்குள் இதைவிடப் பெரிய தகராறு. அடுத்த மாதம் அதைத்தான் எடுக்கப்போகிறோம்.