டர்பன் காரமும் ஒரு கப் அமாசியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாப் பொடிகளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். காரம் ஏற ஏற, பெயரும் ஏறும். உச்சியில் இருப்பது மாமியாரை ஒழிக்கும் மசாலா. (மருமகளை ஒழிக்க ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்காதீர்கள்.) அந்த மாதிரிப் பொடியில் செய்த ஆட்டுக்கறியை பன்னி சாவில் (bunny chow, நடுவைக் குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) ஊற்றி, முதல் வாய் வைத்ததும் கை தானாகத் தண்ணீருக்குப் போகும். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மிளகாயில் எரிப்பது கேப்சைசின். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பி ஒன்று நாக்கில் இருக்கிறது. கேப்சைசின் போய் அதில் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் அதே செய்தியை அனுப்ப வைக்கும். நாக்கு வெந்துபோகவில்லை, வெந்ததாக நம்புகிறது, அவ்வளவுதான். கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையவே கரையாது என்றே சொல்லலாம். குளிர்ந்த தண்ணீர் வாயில் இருக்கும்வரை அந்த ஏற்பி அடங்கியிருக்கும். விழுங்கியதும் எரிச்சல் திரும்ப வரும், இம்முறை தொண்டைப் பக்கமும் பரவியிருக்கும்.

இதற்கு இந்த நாட்டில் கைக்கெட்டும் மருந்து அமாசி. மாஸ் என்றும் சொல்வார்கள். ஜூலு வீடுகளில் புத்துவோடு (மக்காச்சோள மாவில் செய்யும் உதிரிக் களி) சாப்பிடும் அதே புளித்த பால்தான். பாலிலும் தயிரிலும் வேலை செய்வது கொழுப்புதான் என்று பலர் நினைக்கிறார்கள். பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கேப்சைசினைப் பிடித்து நாக்கிலிருந்து கழற்றிக்கொண்டு போகும். கொழுப்பெடுத்த பால்கூட நன்றாகக் கேட்பது அதனால்தான். ஆகவே பாட்டிலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று தேடவேண்டாம். பழச்சுவை சேர்க்காததா என்று மட்டும் பாருங்கள்.

குடிக்கிற விதம்தான் முக்கியம். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, முக்கால் கப் அமாசிக்குக் கால் கப் குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தண்ணீர் விட்டால் புரதம் நீர்த்துப்போகும். நம் ஊர் நீர்மோர் தாகத்துக்கு நல்லது, எரிச்சலுக்குப் போதாது. ஒரு வாய் எடுத்து, நாக்கைப் புரட்டிப் புரட்டி 15 விநாடி வைத்திருந்து பிறகு விழுங்குங்கள். மூன்று நான்கு வாயில் அடங்கும். மடமடவென்று குடித்தால் வயிறு நிறையும், நாக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பன்னி சாவோடு வரும் கேரட் சம்பலை (sambal, துருவிய காய்கறித் தொடுகறி) நம்பவேண்டாம். துருவிய கேரட் குளிர்ச்சிதான், ஆனால் அதில் பச்சைமிளகாயும் வினிகரும் இருக்கிறதே! புளிப்பும் அதே ஏற்பியைச் சீண்டும். எரிச்சலுக்கென்று செய்தால் கேரட்டும் வெள்ளரியும் உப்பும் அமாசியும் மட்டும் போதும். பீர் இன்னும் மோசம். சாராயச் சத்து அந்த ஏற்பியைச் சாதாரண உடற்சூட்டுக்கே எரியவைத்துவிடும். சூடான தேநீரும் வேண்டாம். காய்ந்த ரொட்டித் துண்டு நாக்கைத் துடைத்துவிடும், ஆனால் குழம்பு ஊறிய துண்டை எடுக்காதீர்கள், அதன் எண்ணெயில்தான் காரமே இருக்கிறது.

பால் ஆகாதவர்கள் ஒரு ஸ்பூன் சர்க்கரையை நாக்கில் கரையவிடலாம், கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொப்பளிக்கலாம். பாதாம்பாலில் கேசீன் கிடையாது, அதை நம்பிப் பயனில்லை.

குழம்பே கைமீறிப் போனால்? உருளைக்கிழங்கு காரத்தை உறிஞ்சும் என்பார்கள். கிழங்கு குழம்பைத்தான் உறிஞ்சும், காரத்தைத் தனியாகப் பிரித்தெடுக்காது. ஆனாலும் போடுங்கள், சட்டியில் அளவு கூடுவதால் ஒவ்வொரு வாயிலும் காரம் குறையும். ஒரு கிலோ கறிக்கு இரண்டு பெரிய கிழங்கு, 200 மில்லி வெந்நீர், 20 நிமிடம். மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் வழித்தெடுத்தால் இன்னும் குறையும். அமாசி சேர்ப்பதானால் அரை கப்பில் ஒரு டீஸ்பூன் சோளமாவைக் கட்டியில்லாமல் அடித்து, தீயைக் குறைத்து, கரண்டி கரண்டியாக விடுங்கள். கொதிக்கும் தக்காளிக் குழம்பில் அப்படியே கொட்டினால் திரிந்துபோகும்.

மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் முதலில் தண்ணீரில் காட்டாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் எண்ணெயை நக இடுக்குவரை ஒரு நிமிடம் தேய்த்து, காகிதத்தில் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். இரண்டு தடவை. வெந்நீர் எரிச்சலைக் கிளப்பும். மிளகாயில் காரம் அதிகமாக இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில். கத்தியால் அதைச் சீவி எடுத்தால் பாதித் தொல்லை இல்லை.

கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெயும் வேண்டாம், பாலும் வேண்டாம். கையை மேலே சொன்னபடி கழுவிவிட்டு, லென்ஸ் போட்டிருந்தால் கழற்றி எறிந்துவிட்டு, சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் கண்ணில் ஓடவிடுங்கள். அதன் பிறகும் வலியோ பார்வை மங்கலோ இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.