யஸ்த் நகரத்து ஜூர்கானே

யஸ்த் நகரில் அமீர் சக்மாக் சதுக்கத்துக்குப் பக்கத்தில், பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று உடற்பயிற்சிக் கூடமாகியிருக்கிறது. மேலே காற்றுக் கோபுரங்கள், உள்ளே செங்கல் குவிமாடம். ஈரானில் இப்படிப்பட்ட கூடத்தை ஜூர்கானே என்கிறார்கள். பழைய ஜூர்கானேக்களின் வாசலைத் தாழ்வாகத்தான் வைப்பார்களாம். எப்பேர்ப்பட்ட பலசாலியும் தலை குனிந்துதான் நுழைய வேண்டும்.

நடுவில் எண்கோணப் பள்ளம். அதில் இறங்குகிற ஒவ்வொருவரும் குனிந்து தரையைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார்கள். பயிற்சியை நடத்துகிற மொர்ஷெத் மேடையில் உட்கார்ந்து முரசு கொட்டிப் பாடினார். வழக்கமாகப் பாடுவது ஃபிர்தௌசியின் ஷாநாமா காவியம், ஹாஃபிஸ் கவிதைகள், இமாம் அலியின் புகழ். பயிற்சியின் வேகம் மொத்தமும் அவர் கையில்.

என் கண் ஒரு பெரியவர் மேலேயே இருந்தது. அறுபதைத் தாண்டியிருப்பார். மீல் என்ற கனத்த மரக்கட்டைகளை இரண்டு தோளிலும் சாய்த்து, ஒன்று முதுகுப் பக்கம் இறங்கும்போது மற்றது மார்புக்கு முன் ஏறுமாறு சுழற்றினார். நம்மூர் கர்லாக்கட்டையேதான்! முன்கை நரம்பு புடைத்ததே தவிர முகத்தில் சிரமமே தெரியவில்லை. அப்புறம் சங்கிலி கோத்த இரும்பு வில்லைத் தலைக்கு மேல் தூக்கி இரு பக்கமும் ஆட்டினார்கள். குவிமாடம் முழுக்க அந்தச் சத்தம்தான்.

கடைசியில் சுழலாட்டம். நடுவே வருகிறவர் முதலில் மூத்தவர்களிடம் அனுமதி கேட்கிறார். கிடைத்த பிறகுதான் சுழல்கிறார். இளையவர்கள் முதலில், மூத்தவர்கள் பிறகு. பலத்தைக் காட்டும் இடத்தில்கூட வரிசை மீறாத அந்தப் பணிவுதான் என்னை அசத்தியது.

இவர்கள் கொண்டாடுகிற பழைய மல்யுத்த வீரர் பூரியா வலியின் கதையும் அப்படித்தான். மகன் ஜெயிக்க வேண்டுமென்று எதிராளியின் தாய் வேண்டிக்கொண்டதைக் கேட்டு, வேண்டுமென்றே தோற்றுப்போனாராம். நம் காலத்துக்கு கோலாம்ரெஸா தக்தி. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்றவர். 1962இல் பூயின் ஸஹ்ரா நிலநடுக்கத்தின்போது தெஹ்ரான் தெருக்களில் இறங்கி நிவாரணம் திரட்டினார். கஷ்டப்படுகிற குடும்பத்துக்காக ஜூர்கானேயில் பணம் சேர்ப்பதற்கு கோல்ரீஸான் என்றே தனிச் சடங்கு உண்டு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. காலங்காலமாகப் பெண்களுக்கு இங்கே இடமில்லை. இப்போது பார்வையாளராக உட்கார விடுகிறார்கள், அவ்வளவுதான். 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை இது. அந்தப் பள்ளத்தில் பெண்களும் இறங்குவதைப் பார்க்க எனக்கு ஆசை.