ரொறன்ரோவின் பழைய லொட்ஜ் கட்டடங்களின் கதையைத் தேடுவது எப்படி

ரொறன்ரோவில் யங் வீதியும் கொலிஜ் வீதியும் சந்திக்கும் வடமேற்கு மூலைக் கட்டடத்தை 1891–92இல் எழுப்பியது ஒட் ஃபெலோஸ் என்ற சகோதர சங்கம். வட அமெரிக்காவில் அது 1819இல் பால்ட்டிமோரில் தொடங்கியது. இத்தகைய சங்கத்தின் உள்ளூர்க் கிளைதான் லொட்ஜ். உறுப்பினர் தவறாமல் சந்தா கட்டுவார். நோயில் விழுந்தால் உதவிப்பணம், இறந்தால் அடக்கச் செலவு. ஊரில் நாங்கள் வைத்திருந்த மரண சகாய சங்கம்தான், கொஞ்சம் சடங்கும் இரகசியமும் கூட.

இத்தகைய சங்கங்களின் மண்டபங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கீழ்த்தளம் கடைக்கோ வங்கிக்கோ வாடகைக்குப் போகும். கட்டடச் செலவில் ஒரு பங்கை அந்த வாடகை தாங்கும். கூட்டம் மேல்தளத்தில், தெருவின் கண் படாத உயரத்தில். முன்னறை, கண்துளை வைத்த கதவு, அதைத் தாண்டினால் நடுவில் வெறுந்தரை, சுவரோரம் இருக்கைகள். இன்றைக்கு விழாவுக்கு அப்படியொரு மண்டபம் எடுப்பவர்கள் மின்தூக்கி உண்டா என்பதை முதலில் கேட்க வேண்டும். முதியவர்களை அந்தப் படிகளில் ஏற்ற முடியாது.

கனடாவில் 1940இல் வேலையின்மைக் காப்புறுதிச் சட்டமும் 1966இல் மருத்துவப் பராமரிப்புச் சட்டமும் வந்தபின், சந்தா கட்டுவதற்கான பெரிய காரணங்கள் ஒவ்வொன்றாகப் போயின. உறுப்பினர் குறைய, கட்டடங்கள் கைமாறின. யங் வீதி 888இல் 1917–18இல் எழுந்த, மேசன்கள் (Freemasons) என்ற இன்னொரு சகோதர சங்கத்தின் மண்டபம் அறுபதுகளின் கடைசியில் ராக் இசையரங்காக இருந்தது. பிறகு தொலைக்காட்சி நிலையமானது. எல்லாச் சங்கமும் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். புரட்டஸ்தாந்தினரின் ஒரேஞ்ச் சங்கம் இந்நகரின் மாநகரசபையையே நெடுங்காலம் கைக்குள் வைத்திருந்தது.

உங்கள் தெருவிலுள்ள கட்டடத்தின் கதை வேண்டுமானால் சுவரிலிருந்து தொடங்குங்கள். மூன்று வளையச் சங்கிலி ஒட் ஃபெலோஸ். கவராயமும் மூலைமட்டமும் மேசன்கள். மேசன்களின் அடிக்கல்லில் 5917 என்றிருந்தால் மிரள வேண்டாம், 4000ஐக் கழியுங்கள். அடிக்கல் ஆண்டைத் திறப்பாண்டாக எடுத்துக்கொள்வது பலருக்கு நேரும் பிழை.

அடுத்தது, தீக்காப்புறுதி நிறுவனங்களுக்காகக் கோட் (Goad) நிறுவனம் வரைந்த வரைபடங்கள்: இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம். கட்டடம் எந்த ஆண்டுப் படத்தில் முதலில் தோன்றுகிறது என்று பாருங்கள். பிறகு அந்தக் காலத்து நகர விலாசப் புத்தகத்தை வீதிவாரியாகப் புரட்டுங்கள். ஒரே முகவரியில் நாலைந்து சங்கப் பெயர்கள் வந்தால் குழம்பாதீர்கள்: ஒரு மண்டபத்தை வெவ்வேறு இரவுகளில் பல லொட்ஜ்கள் வாடகைக்கு எடுத்தன. சொந்தக்காரர் யாரென்பதை வரி மதிப்பீட்டுப் பதிவேடும் காணிப் பதிவேடுமே சொல்லும். அங்கும் சங்கத்தின் பெயருக்குப் பதிலாக அறங்காவலர்களின் பெயர்கள் இருக்கலாம். வீட்டிலக்கம் இடையில் மாறியிருக்கக்கூடும் என்பதால், இலக்கத்தை மட்டும் நம்பாமல் குறுக்குத் தெருவையும் குறித்துக்கொண்டு தேடுங்கள்.